தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து நாவல்: குடிகார அப்பா, வளர்ற பையன். எங்க இடிக்குது?

ஏரிக்கரை:
பையன் ஒருத்தன் வளர்ந்து ஆளாகிற கதை, காலம் 2001–2010. அப்பா கூலி வேலை, தினமும் குடி. அம்மா மகளிர் குழுவுல இருக்காங்க. மூணாவது அத்தியாயத்துல, 2002ல, பையன் டாஸ்மாக் போய் அப்பாவுக்குக் குவார்ட்டர் வாங்கிட்டு வர்றான். ஆறாவதுல அப்பா சாமி மேல சத்தியம் பண்ணி நிறுத்திட்டு மறுநாளே களை வெட்டப் போறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராகிக்களி:
2002ல டாஸ்மாக் கடை கிடையாது. நிறுவனம் 1983லயே வந்தாச்சு, ஆனா சில்லறை விற்பனையை எடுத்துக்கிட்டது 2003 நவம்பர்ல. அதுவரை தனியார் ஒயின்ஷாப்தான். மதியம் 12 மணிக்குத் திறக்கிறதும் 2016ல வந்த வழக்கம், உங்க கதைக்குள்ள வராது. தாத்தா பாத்திரம் இருந்தா ஒண்ணு சேர்க்கலாம்: 1937ல ராஜாஜி மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்தது அன்னைக்கு இருந்த சேலம் ஜில்லாவுல. தர்மபுரி அப்ப அதுக்குள்ளதான்.

மருந்துச்சீட்டு:
ஆறாவது அத்தியாயம் நிக்காது. 180 மில்லி குவார்ட்டர்ல 42.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால். வருஷக்கணக்கா தினம் ரெண்டு குவார்ட்டர் போட்டவர் திடீர்னு நிறுத்தினா 6–12 மணி நேரத்துல கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும். டம்ளர் தண்ணியை ரெண்டு கையால பிடிச்சாலும் சிந்தும், களைக்கொத்தை எங்க பிடிக்கிறது? ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் மூணாம் நாள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டுவார், பெத்த பையனையே யாருன்னு கேப்பார். வீட்டுல "காத்து கருப்பு"ன்னு மந்திரிக்கக் கூட்டிப் போனா நம்பலாம், ஆனா வைத்தியம் இல்லேன்னா உயிர் போகலாம். ஆஸ்பத்திரியில நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குற டயசெபாம் வகை மாத்திரையை நாளுக்கு நாள் குறைச்சுத் தருவாங்க. தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டுட்டுதான் குளுக்கோஸ். இந்த வரிசையை மாத்தினா சத்துக் குறைஞ்ச உடம்புல மூளை பாதிக்கலாம்.

களத்துமேடு:
அம்மாவோட குழுவை ஓரமா வைக்காதீங்க. 1989ல மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தமிழ்நாட்டுல தொடங்கினதே தர்மபுரியிலதான். கடன் பணத்தை அப்பா குடிச்சுட்டா தவணை அம்மா தலையில விழும். அவங்க கட்டலேன்னா மத்த பொம்பளைங்களுக்கும் அடுத்த கடன் நிக்கும். ஊக்குநர், அதாவது குழுவை முன்நின்னு நடத்துற பொம்பளை, வாசல்ல வந்து நிக்கிற காட்சி, அடிதடியை விட உறைக்கும்.

ரேஷன் அரிசி விலையைத் தேதி பார்த்துப் போடுங்க: 2006ல கிலோ 2 ரூபா, 2008 செப்டம்பர்ல 1 ரூபா. இலவசம் 2011ல, உங்க கதை முடிஞ்சப்புறம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் 2013லதான். அதனால பையன் குடிச்சது போர்வெல் தண்ணி, பல்லுல ஃப்ளோரைடு காவிக்கறை இருக்கலாம்.