என்ஜினைக் கழுவிய பிறகு வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, அவசரம்

நீலவண்டி:
காலையில் பானெட்டைத் திறந்து என்ஜினைக் கழுவினேன். நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நிற்கும்போதே வண்டி முழுக்கக் குலுங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்கவே இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு வந்துவிட்டது. நாளை விடியற்காலையில் குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும். என்ன செய்தால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
பெட்ரோலா, டீசலா? எத்தனை வருட வண்டி? ஹோஸால் கழுவினீர்களா, பிரஷர் வாஷராலா? மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மினுக்குகிறதா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். மினுக்கினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

தூசிமேகம்:
ஏர் ஃபில்டர் நனைந்திருக்கும். எனக்கும் இதே மாதிரி ஆனது. ஃபில்டரைக் கழற்றிக் காயவைத்ததும் சரியாகிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

முப்பதுவருடஅனுபவம்:
இதை எத்தனை முறைதான் எழுதுவது? என்ஜினுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது தம்பி. ஈரத்துணி, பழைய பிரஷ், கொஞ்சம் பொறுமை, இவை போதும். கழுவுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கெடுத்த பிறகு வந்து அவசரம் என்றால் என்ன செய்வது?

சாலையோரம்:
பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு மாட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிவிடும், விளக்கும் போய்விடும்.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
வேண்டாம், அதைச் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் பதிவாகியிருக்கும் கோளாறு எண் அழிந்துபோகும். எந்த சிலிண்டரில் பிரச்சினை என்று சொல்லக்கூடியது அந்த எண் ஒன்றுதான். விளக்கு போகும், தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். பேட்டரியைக் கழற்ற வேண்டியது கழுவுவதற்கு முன்னால்.

நீலவண்டி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பெட்ரோல், 9 வருட வண்டி. பிரஷர் வாஷர்தான். வெளியே போய்விட்டு வந்த சூட்டோடு கழுவினேன், சூட்டில் அழுக்கு சீக்கிரம் போகும் என்று நினைத்தேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மட்டும் பிளாஸ்டிக் கவரால் மூடினேன். விளக்கு மினுக்குகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்னும் அதிகமாக. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஸ்கேனர் இருந்தது. கோளாறு எண் பி0302 என்று காட்டுகிறது.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
சரி, இப்போது பேசலாம். இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மினுக்கும் விளக்குக்கு அர்த்தம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்பது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு.

பி0302 என்றால் 2ஆம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, மிஸ்ஸிங் என்பது இதுதான். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒரு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அதன்மேல் அதற்கு மின்சாரம் தரும் காயில் இருக்கும். வாஷர் தண்ணீர் காயிலின் ரப்பரைத் தாண்டி அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். மின்பொறி பிளக் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பக்கத்தில் இருக்கும் என்ஜின் உலோகத்துக்குத் தாவிவிடும். துணியால் மேலே எவ்வளவு துடைத்தாலும் அது காயாது.

என்ஜின் முழுக்க ஆறட்டும். நெகட்டிவ் கிளாம்பை இப்போது கழற்றலாம், எண்தான் தெரிந்துவிட்டதே. மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். 1ஆம் சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கம், ஆனாலும் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலின் ஒயர் கனெக்டரைப் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், பழைய பிளாஸ்டிக் என்பதால் மெதுவாக. போல்ட்டைக் கழற்றி, காயிலைக் கொஞ்சம் திருகியபடி மேலே இழுங்கள். குழியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர் இருக்கும்போது பிளக்கைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அத்தனை தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் ஏறினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். கம்பியில் துணியைச் சுற்றி முதலில் ஒற்றி எடுங்கள், அப்புறம் காற்றால் ஊதுங்கள். மணலும் சேர்ந்து தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நான்கு குழிகளையும் பாருங்கள். காயில் ரப்பரில் விரிசலோ, கருங்கோடோ இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

காய்ந்த பிறகும் மிஸ்ஸிங் இருந்தால் 2ஆம் காயிலையும் 3ஆம் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் போய்விட்டது.

சாலையோரம்:
அவ்வளவு எதற்கு? குழிக்குள் டபிள்யூடி-40 அடித்தால் போதும். பெயரிலேயே தண்ணீரை விரட்டுவது என்றுதான் இருக்கிறது. 1953இல் நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடித்தார்கள்.

தூசிமேகம்:
அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும். கனெக்டருக்கு எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர்தான் சரி, அது ஆவியாகிவிடும். எதை அடித்தாலும் முழுக்க ஆவியான பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பழையடீசல்:
நாங்கள் எல்லாம் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துத்தான் கழுவினோம், ஒன்றும் ஆகவில்லை.

முப்பதுவருடஅனுபவம்:
எதுவும் ஆகாதது உங்கள் நேரம். மண்ணெண்ணெய் ரப்பர் ஹோஸை ஊதவைக்கும், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். இதற்குத்தான் சொல்கிறேன், என்ஜினைக் கழுவவே வேண்டாம். உள்ளே இருப்பது பானெட்டுக்குள் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்?

எண்ணெய்க்கசிவு:
இதை ஏற்க முடியாது சார். என் வண்டியில் வால்வ் கவர் கேஸ்கெட்டில், அதாவது என்ஜின் மேல்மூடியின் சீலில், கசிந்த எண்ணெய், அழுக்கோடு அழுக்காக வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தது. கழுவிய மறுவாரம்தான் புதிதாக ஒரு ஈரக்கோடு தெரிந்தது. சொட்டிக்கொண்டிருந்த இடம் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே. கழுவாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

முப்பதுவருடஅனுபவம்:
ஈரத்துணியால் துடைத்திருந்தாலும் அது தெரிந்திருக்கும்.

எண்ணெய்க்கசிவு:
கை போகாத இடத்தில் துணி எப்படிப் போகும்? ஆறிய என்ஜின், பிசுக்கை நீக்கும் டிகிரீஸர், நான்கைந்து நிமிடம் ஊறல், பிரஷ், கடைசியில் ஹோஸில் பூவாளி மாதிரி மெல்லிய தண்ணீர். காயில், ஃபியூஸ் பெட்டி, ஏர் இன்டேக், ஆல்டர்னேட்டர் நான்கையும் மூடிவிட்டுத்தான். பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

முப்பதுவருடஅனுபவம்:
கனெக்டர் சீல் எல்லாம் சாலையில் தெறிக்கும் தண்ணீருக்குத்தான். வருடம் ஏற ஏற அந்த ரப்பர் இறுகிவிடும். பழைய வண்டிக்கு நான் சொல்வதுதான் சரி.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
இருவரும் வேறு இழை தொடங்கிப் பேசுங்கள். கேட்டவர் நாளை குடும்பத்தோடு போக வேண்டும்.

நீலவண்டி:
2ஆம் குழியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. 3இலும் கொஞ்சம். ஒற்றி, ஊதி, இரவு முழுக்கத் திறந்து வைத்தேன். இப்போது குலுக்கல் இல்லை. விளக்கு மினுக்கவில்லை, நிலையாக எரிகிறது. கிளம்புகிறோம். எல்லோருக்கும் நன்றி.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
பேட்டரியைக் கழற்றாமல் செய்திருந்தால், நிலையாக எரிவது பழைய பதிவாக இருக்கலாம், ஆனாலும் ஸ்கேனரில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துவிட்டு அழியுங்கள். காயில் ரப்பரில் விரிசல் இருந்ததா? நெடுஞ்சாலை ஏறும் முன் சொல்லுங்கள்.

பத்தாம்நம்பர்ஸ்பானர்:
நீலவண்டி, போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.