ஹொண்டா சி70 (6 வோல்ற்): பிஸ்ரன், றிங் எங்க எடுக்கலாம், போர் எங்க அடிக்கலாம்?

கோண்டாவில்70:
வீட்டில பழைய ஸ்ரீ நம்பர் தகடு போட்ட சி70 மோட்டச்சைக்கிள் ஒண்டு கிடக்கு. 6 வோல்ற், பொயின்ற் (பிளக்குக்கு நெருப்பு குடுக்கிற தொடுமுனை) மொடல். ஸ்ராட் வருது. ஆனா திறொட்டில் குடுக்கக் குடுக்க நீலப் புகை, பிளக்கும் எண்ணெயில நனைஞ்சு கறுத்துப்போகுது. டவுனில கேட்டா "சைனா கிற் இருக்கு, போடுவம்" எண்டினம். அதைப் போடலாமோ, இல்லாட்டி கொழும்பில பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளுக்குச் சொல்லி எடுக்கிறதோ?

சுன்னாகம் லேத்:
தம்பி, முதல் அளவெடுங்கோ, சாமான் பிறகு. ஸ்ராட் பண்ணின உடன கொஞ்சம் புகைச்சு அடங்கினா அது வால்வ் கைட். திறொட்டிலோட கூடினா றிங்கும் போரும் (சிலிண்டர் துளை).

சி70 இன் போர் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 41.4. சிலிண்டரைக் கழட்டி மேல், நடு, கீழ் மூண்டு இடத்திலயும், ஒவ்வொண்டிலயும் குறுக்கும் நெடுக்குமா அளக்கோணும். விரல் நகத்தைப் போரின்ர மேல் விளிம்புக்குக் கிட்ட ஓட்டிப் பாருங்கோ. படி மாதிரித் தட்டினா, புது றிங் மட்டும் போட்டு ஒப்பேத்த ஏலாது. புது றிங்கின்ர கூர் விளிம்பு அந்தப் படியில அடிபட்டு முறியும்.

கடை தேடேக்க ஒரே கேள்வி: போர் கேஜும் மைக்ரோமீற்றரும் இருக்கோ? விரலை விட்டுப் பாத்திட்டு "ஐம்பது (0.50 மி.மீ. கூட) அடிப்பம்" எண்டு சொல்லுற இடத்தில குடுக்காதேங்கோ. பிஸ்ரன் கைக்கு வரமுதல் போர் அடிக்கவும் விடாதேங்கோ. ஒரே சைஸ் எண்டு வாற பிஸ்ரன்களிலயே மி.மீ. இன் நூறில ரெண்டு மூண்டு பங்கு வித்தியாசம் வரும். பிஸ்ரனை அளந்துதான் போரை முடிக்கிறது. பிறகு றிங்கைத் தனியப் போருக்குள்ள விட்டு, பிஸ்ரனால நேராத் தள்ளி, வாய் இடைவெளியை (றிங்கின்ர ரெண்டு முனைக்கும் நடுவில) ஃபீலர் கேஜால பாருங்கோ. 0.15 இலிருந்து 0.35 மி.மீ. வரைக்கும் சரி.

பழைய சாமான்:
ஹொண்டா பார்ட் நம்பரின்ர நடு மூண்டு எழுத்துத்தான் மொடல். சி70க்கு 087. பிஸ்ரன் 13101-087 எண்டா ஸ்ராண்டட், 13102 எண்டா 0.25 மி.மீ. பெரிசு, 13103 எண்டா 0.50, 13104 எண்டா 0.75, 13105 எண்டா 1.00. பஞ்சிகாவத்தைக்கு ஃபோனில "சி70 பிஸ்ரன்" எண்டு மட்டும் சொன்னா 12 வோல்ற் மொடலின்ரயும் வரும். நம்பரைச் சொல்லுங்கோ, பெட்டி லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பிறகு இரவு பஸ்ஸில போட்டுவிடுவினம்.

சைனா கிற்றை ஒரேயடியாத் தள்ள வேண்டாம், ஆனா பழைய பிஸ்ரனைக் கொண்டுபோய் கவுண்டரில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பிஸ்ரன் பின் (ஊசி) 13 மி.மீ. தானோ, பின்னிலிருந்து தலை மட்டும் உயரம் ஒண்டோ, தலையில வால்வுக்கு வெட்டின பள்ளம் ஒரே மாதிரியோ எண்டு. பாகிஸ்தானில இண்டைக்கும் வாற சிடி70க்கும் போரும் ஸ்ட்ரோக்கும் இதே அளவுதான், அந்த றிங் கிடைச்சா விடாதேங்கோ. சென்னைக்குப் போற ஆக்களிட்டப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையளில தேடச் சொல்லுறது வீண். புல்லட்டுக்குச் சரி, இதுக்கு இல்லை.

மண்ணெண்ணெய்:
ஒண்டை ரெண்டுபேரும் விட்டிட்டியள். இந்த வண்டி 1990களில பொருளாதாரத் தடைக்காலத்தில இஞ்ச யாழ்ப்பாணத்தில ஓடினதெண்டா மண்ணெண்ணெயும் குடிச்சிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் போர் வழியா இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும், கரி றிங் காடியை (பிஸ்ரனில றிங் இருக்கிற வெட்டை) நிரப்பும். றிங் தேயாமல் காடிக்குள்ள இறுகியும் இருக்கலாம். முறிஞ்ச பழைய றிங் துண்டால காடியைச் சுரண்டி, றிங் லேசாச் சுத்துதோ எண்டு பாருங்கோ. சிலிண்டருக்குக் கீழ கஸ்கெற் ரெண்டு இருந்தா, கொம்பிறஷனைக் குறைக்க வேணுமெண்டு போட்டது. திருப்பிப் போடேக்க ஒண்டு போதும்.

ஹெட் பூட்டேக்க எண்ணெய் ஏறுற ஸ்ரட்டுக்குரிய செப்பு வாசர் இருந்த இடத்திலயே போகோணும், மாறினா ஒழுகும். வால்வ் இடைவெளி எஞ்சின் குளிரா இருக்கேக்க ரெண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. பொயின்ற் 0.3 - 0.4, ஃபிளைவீலின்ர F கோடு நேராகேக்க பொயின்ற் திறக்கத் தொடங்கோணும். எண்ணெய் 0.8 லீற்றர், அதுக்கு மேல வேண்டாம். பெற்றோல் ராங்கைக் கழுவினா எங்கட கிணத்துத் தண்ணி காய விடாமல் உடன பெற்றோல் விட்டு அலசுங்கோ. சுண்ணாம்புத் தண்ணி, வெள்ளைப் படலம் கார்பரேற்றர் ஜெற்றில போய் நிக்கும்.

கோண்டாவில்70:
கழட்டி அளந்தாச்சு. மேல 47.31, கீழ 47.25. பிஸ்ரன் தலையில 0.25 எண்டு அடிச்சிருக்கு. றிங் சுத்துது, படியும் நகத்தில தட்டுது.

சுன்னாகம் லேத்:
அப்ப ஏற்கெனவே ஒருக்கா அடிச்ச போர். 13103-087 எடுங்கோ, 47.50க்குப் போகும். பிஸ்ரன் வந்தபிறகு சிலிண்டரையும் சேத்துக் கொண்டுவாங்கோ.