மாமாவுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனை: எடுக்கலாமா?

சாட்ஸ்வொர்த்_செல்வா:
டர்பனில் இருக்கும் என் மாமாவுக்குப் பல வருஷமாக ஹெபடைட்டிஸ் பி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கூடவே கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. ஆரம்பக் கட்டிகள் பலவற்றைக் கோட்டை விட்டுவிடும். 2011-லேயே சீனாவில் 934 பேரின் ரத்தத்தில் ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை (ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள்) சேர்த்துப் பார்த்து, ஹெபடைட்டிஸ் பி-யால் வரும் கல்லீரல் புற்றுநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்தார்கள். 2024 நோபலும் இதற்குத்தானே? இன்னும் ஏன் ஸ்கேனையே கட்டிக்கொண்டு அழவேண்டும்?

லேப்_அக்கா:
தம்பி, அம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் வாங்கிக் கொடுத்தது ஒரு மில்லிமீட்டர் புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தது, புற்றுநோய்ப் பரிசோதனை இல்லை. அந்த ஏழில் ஒன்று மிர்-122. கல்லீரல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் ஏறக்குறைய 70 சதவீதம் இது ஒன்றுதான். கல்லீரல் செல் எதனால் அடிபட்டாலும் இது ரத்தத்தில் கொட்டும், பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினாலும்தான். ஏற்கெனவே வைரஸ் கடித்துக்கொண்டிருக்கும் மாமாவின் ஈரலில் அது கூடினால் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

சாட்ஸ்வொர்த்_செல்வா:
அதனால்தானே அக்கா ஏழு சேர்த்துப் பார்க்கிறார்கள்! கட்டிக்குள் மிர்-122 குறைகிறது, மிர்-21, மிர்-221 ஏறுகின்றன. மிர்-122 இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு முதலில் ஈரலில் கொழுப்பு, அப்புறம் தழும்பு, கடைசியில் புற்றுநோய் என்று 2012-இல் காட்டிவிட்டார்கள். இது வெறும் ஊகம் இல்லை.

லேப்_அக்கா:
மிர்-122 ஈரலுக்குக் காவல்காரன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிக்குள் குறையும் அதே ஆள் ரத்தத்தில் கூடுகிறான், இதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவு எழுதலாம். இன்னொன்று, வேலையில் நானே பார்த்தது. ரத்தம் எடுத்தவர் ஊசியை அவசரமாக இழுத்திருக்கிறார், குழாயைச் சுழற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டிய பிளாஸ்மா வெளிர் ரோஜா நிறத்தில் வந்தது. சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம். பல லேப்களில் அளவுகோலாக வைக்கும் மிர்-16 சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கிறது. அளவுகோலே நீண்டுவிட்டால் மற்றதெல்லாம் குட்டையாகத்தானே தெரியும்? மாதிரியைத் தூக்கிப் போட்டேன். எல்லாரும் போடுவார்களா?

பீனிக்ஸ்_பாலா:
மருந்தாக வருமா என்று யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். கட்டியை அடக்கும் மிர்-34ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொழுப்பு உருண்டையில் பொதிந்து எம்.ஆர்.எக்ஸ்.34 என்று கல்லீரல் புற்றுநோய்க்காரர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் நிறுத்தினார்கள். எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பி நான்கு பேர் இறந்தார்கள். ஹெபடைட்டிஸ் சி வைரஸோ மிர்-122-ஐப் பிடித்துக்கொண்டுதான் பெருகும், அதனால் அதை அடைக்க மிராவிர்சென் என்று ஒரு மருந்தும் வந்தது. வைரஸ் குறைந்தது உண்மை. ஆனால் காவல்காரனையே கட்டிப்போட்டு வைத்தியமா?

சாட்ஸ்வொர்த்_செல்வா:
பாலா அண்ணா, மிர்-34ஏ நம்ம ஊர்க் கதையும்கூட. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலையில் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, புற்றுநோயைத் தடுக்கும் பி53 ஜீனின் 249-ஆம் இடத்தைக் கெடுக்கிறது என்று 1991-இல் சொன்ன இரண்டு ஆய்வுகளில் ஒன்று தெற்கு ஆப்பிரிக்க நோயாளிகளுடையது. மிர்-34ஏ-வை முடுக்கிவிடுவதே பி53தான். சாவி உடைந்தால் வண்டி எப்படிக் கிளம்பும்? மருந்து தோற்றதால் அறிவியலே பொய் என்று ஆகாது.

லேப்_அக்கா:
பொய் என்று யார் சொன்னது? ஸ்கேனுக்குப் பதிலாக வேண்டாம் என்கிறேன், ஸ்கேனோடு சேர்த்து எடுத்தால் காசு உங்களுடையது. 1995-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி வந்தது. மாமாவின் தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. அவர் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை எடுக்கிறாரா? அதை நீங்கள் சொல்லவே இல்லையே.

சாட்ஸ்வொர்த்_செல்வா:
எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அக்கா. வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுகிறார்.

லேப்_அக்கா:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம்.