2023 கூடைப்பந்து உலகக் கோப்பை: அமெரிக்காவை வென்ற லிதுவேனியா வெளியேற, தோற்ற அமெரிக்கா அரையிறுதிக்குப் போனது எப்படி?

கேள்வி – வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகக் கால்பந்து மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். கூடைப்பந்தின் பக்கம் அண்மையில்தான் வந்திருக்கிறேன். பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த 2023 உலகக் கோப்பையின் பழைய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் குழம்பிப்போனேன். செப்டம்பர் 3 அன்று மணிலாவில் லிதுவேனியா 110–104 என்று அமெரிக்காவை வென்றது. அடுத்த ஆட்டத்திலேயே லிதுவேனியா செர்பியாவிடம் 68–87 என்று தோற்று வெளியேறியது. அமெரிக்காவோ இத்தாலியை 100–63 என்று நொறுக்கி அரையிறுதிக்குப் போய்விட்டது. தோற்ற அணிக்கு எளிய எதிரியும் வென்ற அணிக்குக் கடினமான எதிரியும் வாய்த்தது எந்த விதிப்படி? அமெரிக்கா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – அரைக்கோடு

வணக்கம் நண்பரே. முதலில் விதியைப் பார்த்துவிடலாம். 32 அணிகள், நான்கு நான்காக 8 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் இரண்டாம் சுற்றுக்கு வரும். கால்பந்து பார்த்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: இரண்டாம் சுற்று நேரடி நாக்-அவுட் அல்ல. இரண்டு குழுக்களிலிருந்து வந்த நான்கு அணிகளைச் சேர்த்து ஒரு புதிய குழு அமைப்பார்கள்; முதல் சுற்றில் எடுத்த புள்ளிகள் அப்படியே தொடரும்; ஏற்கெனவே தங்களுக்குள் மோதிய அணிகள் மறுபடி மோதுவதில்லை. வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கும் 1 புள்ளி உண்டு. அதிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள்தான் காலிறுதிக்குப் போவார்கள்.

அமெரிக்கா, லிதுவேனியா, கிரீஸ், மான்டினீக்ரோ ஆகிய நான்கும் ஒரே குழுவில் இருந்தன. செப்டம்பர் 3 ஆட்டத்துக்கு முன்பே அமெரிக்காவும் லிதுவேனியாவும் நான்குக்கு நான்கு வென்று, காலிறுதி இடத்தை உறுதி செய்திருந்தன. ஆகவே அன்று யார் உள்ளே, யார் வெளியே என்பது கேள்வியே இல்லை. யார் முதலிடம் என்பது மட்டுமே மிச்சம். லிதுவேனியா 10 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது, அமெரிக்கா 9 புள்ளிகளோடு இரண்டாமிடம்.

முதலிடம் பிடித்தவருக்குப் பக்கத்துக் குழுவின் இரண்டாமிடத்து அணிதான் காலிறுதி எதிரி. அந்தப் பக்கத்துக் குழுவில்தான் வேடிக்கை நடந்திருந்தது. செப்டம்பர் 1 அன்று இத்தாலி 78–76 என்று செர்பியாவை மயிரிழையில் வென்றிருந்தது. இரு அணிகளும் தலா 4 வெற்றி, 1 தோல்வி என்று சமமாக முடித்தாலும், நேருக்கு நேர் மோதியதில் வென்றது இத்தாலி என்பதால் அதற்கே முதலிடம். பலம் மிகுந்த செர்பியா இரண்டாமிடத்துக்கு இறங்கி, நேராக லிதுவேனியாவின் தலையில் வந்து விழுந்தது.

பதில் – பழைய பாயின்ட் கார்டு

மேலே நண்பர் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார். விட்டுக்கொடுத்திருக்கலாம் என்ற ஐயத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்த ஆட்டத்தை முழுவதும் பார்த்தவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது. லிதுவேனியா முதலில் எறிந்த 9 மூன்று புள்ளி ஷாட்டுகளும் (தொலைவிலிருந்து எறிபவை) ஒன்றுகூடத் தவறாமல் கூடைக்குள் விழுந்தன. இடைவேளையில் 54–37. அங்கிருந்து அமெரிக்கா துரத்திக்கொண்டு வந்தது. ஆன்டனி எட்வர்ட்ஸ் தனி ஒருவராக 35 புள்ளிகள் எடுத்தார். விட்டுக்கொடுக்க வந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர் அப்படி ஓடமாட்டார்.

என் பார்வையில் அன்று உண்மையாக வெளிப்பட்டது அமெரிக்க அணியின் உயரக் குறைவு. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் அணி வேகமானது, ஆனால் கூடைக்கு அடியில் கனமில்லாதது. எதிரே 2.11 மீட்டர் உயரமுள்ள யோனாஸ் வாலன்சியூனாஸ். லிதுவேனியர்கள் ஷாட்டைத் தவறவிட்டாலும் ரீபவுண்டை, அதாவது துள்ளி வரும் பந்தை, தாங்களே பிடித்து மறுபடி எறிந்தார்கள். எங்கள் கல்லூரிப் பயிற்சியாளர், ஷாட் போகும்போது பந்தைப் பார்க்காதே, உன் ஆளை முதுகால் தள்ளி நிறுத்து என்று கத்திக்கொண்டே இருப்பார். அன்று அமெரிக்க வீரர்கள் பலமுறை பந்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதில் விதிக்கும் பங்கு உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது; உலகக் கோப்பையில் அந்தத் தடை இல்லை, ஆதலால் உயரமானவர் அங்கேயே குடியிருக்கலாம். வளையத்தில் பட்டுத் துள்ளும் பந்தை, அது வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்போதே தட்டிவிடவும் இங்கே அனுமதி உண்டு. ஆட்டமும் 48 நிமிடம் அல்ல, 40 நிமிடம். ஆறாவது ஃபவுலில் அல்ல, ஐந்தாவதிலேயே வெளியேற வேண்டும். முதல் பாதியில் 17 புள்ளி பின்தங்கிய அணிக்கு அந்த எட்டு நிமிடக் குறைவு சாதாரணமானதல்ல.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அந்தக் கடைசி நாளில் தோற்பதே லாபம் என்றாகிறதே? அது போட்டி அமைப்பின் குறை இல்லையா?

பதில் – அரைக்கோடு

குறைதான், மறுக்கவில்லை. அந்த இரண்டு குழுக்களிலும் முதலிடம் பிடித்த லிதுவேனியாவும் இத்தாலியும் காலிறுதியில் தோற்றன. முடிவில் ஒன்றுக்கு 6ஆம் இடம், மற்றதற்கு 8ஆம் இடம். இத்தாலியிடம் தோற்று இரண்டாமிடம் போன செர்பியா இறுதிப் போட்டி வரை சென்றது. இத்தனைக்கும் அந்த செர்பிய அணியில் அந்நாட்டின் நட்சத்திர ஆட்டக்காரர் நிகோலா யோகிச் இல்லை.

ஆனாலும் தோல்வி எல்லாருக்கும் லாபமாகிவிடவில்லை. முந்தைய வாகையர் ஸ்பெயின் முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வென்ற அணி. இரண்டாம் சுற்றில் லாட்வியாவிடம் 69–74, கனடாவிடம் 85–88 என்று இரண்டையும் இழந்ததும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பிரான்ஸ் அதற்கும் முன்பே, முதல் சுற்றிலேயே போய்விட்டது.

பதில் – பழைய பாயின்ட் கார்டு

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவுக்குக் கிடைத்ததாகச் சொல்லும் லாபம் ஒரே ஓர் ஆட்டத்தோடு தீர்ந்துவிட்டது. அரையிறுதியில் எதிரே வந்தது ஜெர்மனி. அந்த ஜெர்மனியே காலிறுதியில் லாட்வியாவிடம் மாட்டிக்கொண்டு 81–79 என்றுதான் தப்பியிருந்தது. ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரோடர் அன்று எறிந்த 26 ஷாட்டுகளில் 4 மட்டுமே உள்ளே போயின, கடைசி நொடியில் லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸ் எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழுந்திருந்தால் கதையே வேறு.

ஆனால் அமெரிக்காவுக்கு எதிராக லிதுவேனியா திறந்துவைத்த அதே கதவு வழியாகத்தான் ஜெர்மனியும் நுழைந்தது. உள்ளே டானியல் தைஸ் 21 புள்ளிகள். வெளியே ஆந்திரேயாஸ் ஓப்ஸ்ட் 24 புள்ளிகள். இடைவெளி ஒரே புள்ளியாகச் சுருங்கியிருந்த கடைசிக் கட்டத்தில் ஓப்ஸ்ட் அடித்த மூன்று புள்ளி ஷாட்டை மட்டும் நான் நாலைந்து முறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முடிவு 113–111. வெண்கலப் பதக்க ஆட்டத்திலும் அமெரிக்கா கூடுதல் நேரத்தில் கனடாவிடம் 118–127 என்று தோற்று நான்காமிடத்தோடு ஊர் திரும்பியது. ஜெர்மனி இறுதியில் செர்பியாவை 83–77 என்று வென்று, எட்டு ஆட்டங்களில் ஒன்றையும் இழக்காமல் முதன்முறையாகக் கோப்பையை எடுத்தது. எந்தக் குழுவில் எந்த இடம், எந்தப் பக்கம் எளிது என்ற கணக்கே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வைகைக்கரை

இப்போது தெளிவாகிவிட்டது. லாட்வியா ஆட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்றிரவு அதிலிருந்து தொடங்குகிறேன்.