புதுப்பிப்பு: ஐடிலில் ஏறி இறங்கிய என்ஜின் சரியாகிவிட்டது

சிக்னலில் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும் நிலை) நின்றால் ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) 600க்கும் 1200க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது, ஏசி போட்டால் அணைந்தே போகிறது என்று எழுதியிருந்தேனே, அந்தப் பழைய ஜப்பான் காரின் கதைதான். பிளக் மாற்றி, திராட்டில் பாடியை (என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சுத்தம் செய்தும் பலனில்லை. ரங்கூன் நெரிசலில் இது பெரும் தொல்லை.

ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம். லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கார் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் அளவு) ஐடிலில் +22 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் +5தான். "வேக்குவம் லீக்காக இருக்கும்" என்று ஒரு அண்ணன் சொன்னதற்கு இது பொருந்தியது. அதாவது, ஓட்டை வழியாக சென்சார் அளக்காத காற்று உள்ளே போனால் ஐடிலில்தான் பெரிதாகத் தெரியும். ஆக்சிலேட்டர் மிதித்ததும் மொத்தக் காற்றில் அது சொற்பம்.

என்ஜின் சூடேறும் முன்பே கார்புரேட்டர் கிளீனரை இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். (தீப்பிடிக்கும் சரக்கு, எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம்.) பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) வளைவில் பட்டதும் ஆர்பிஎம் மாறியது, லீக் அங்கேதான். கழற்றினால் அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு! மேலிருந்து பார்த்தால் ரப்பர் புதுசு போலத்தான் இருந்தது.

பட்டறையில் ஐடில் வால்வை (ஐடிலில் காற்றின் அளவைப் பார்த்துக்கொள்ளும் வால்வு) மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

புது ஹோஸ், புது கிளிப். பிழைக் குறியீட்டை அழித்து, கார் கம்ப்யூட்டர் ஐடிலைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டோம். இப்போது 700, ஏசியுடன் 850. டிரிம் +3. வால்வு யாரும் வாங்கிவிடாதீர்கள், முதலில் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்.