தேர் இழுத்த சந்தோஷம் இ.எம்.ஐ கட்டுமா?

டவுன்காரன்:
ஆனித் தேரோட்டத்துக்கு லீவு கேட்டேன். "ஒருநாள் கூத்துக்குச் சம்பளத்தை விடணுமாக்கும்" என்கிறார் மேனேஜர். எல்லாரும் இப்படித்தான் ஆகிவிட்டோம். செட்டில் ஆகணும், நிம்மதியா இருக்கணும் என்று ஓடுகிற ஓட்டத்தில், உடம்பு சிலிர்க்கிற சந்தோஷத்தை வீண் செலவு மாதிரி பார்க்கிறோம். 2024ல் நெல்லையப்பர் தேர் வடம் திரும்பத் திரும்ப அறுந்ததே, கூட்டம் கலைந்தா போனது? வேறு வடம் கட்டித் தேர் அசைந்தபோது கிளம்பிய சத்தத்தை எந்த பிக்சட் டெபாசிட் தரும்?

பாளை வாத்தியார்:
தம்பி, தேர் நிலைக்கு வந்த மறுநாள் பால்காரர் வாசலில் நிற்பார். கடன் இல்லாமல், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, படுத்ததும் தூக்கம் வருகிறது பாருங்கள், நான் சந்தோஷம் என்பது அதைத்தான். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் கடன்காரனும்தான் கூச்சல் போடுவான். துண்டு காய்வதற்குள் போன் வந்துவிடும்.

டவுன்காரன்:
அதனால் அருவிக்கே போகக் கூடாதா அண்ணாச்சி? கடன் அடையும்வரை சிரிக்காமல் இருந்தால் வட்டி குறையுமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். நாடுகளை வரிசைப்படுத்துகிற உலக மகிழ்ச்சி அறிக்கையில் கேட்பது, 0 முதல் 10 வரை ஒரு ஏணி, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்று. 2018 முதல் வருஷா வருஷம் பின்லாந்து முதலிடம் வாங்கியது அந்த ஒரு கேள்வியால்தான். நேற்று சிரித்தீர்களா என்பது தனிக் கேள்வி, தரவரிசையில் சேராது. 2010ல் கானமன், டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பார்த்தபோது, வருஷ வருமானம் 75,000 டாலரைத் தாண்டினாலும் ஏணிப்படி ஏறிக்கொண்டே போகிறது, அன்றாட மனநிலை மட்டும் அப்படியே நிற்கிறது என்று வந்தது.

பாளை வாத்தியார்:
பாதியில் விட்டுவிட்டீரே. 2023ல் அதே கானமன் இன்னும் இருவரோடு சேர்ந்து மறுபடி பார்த்தார். ஏற்கெனவே மனம் நொந்து கிடக்கிறவர்களுக்குத்தான் அப்படி நிற்கிறதாம், மற்றவர்களுக்குப் பணம் ஏற ஏற மனநிலையும் ஏறுகிறது. என் கட்சிதான் ஜெயிக்கிறது.

முக்கூடல் பொண்ணு:
டாலர் கணக்கு இருக்கட்டும். எங்க அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, ஈர இலையை அளவாகக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுவதற்குள் அடுத்த இலையைக் கை தேடும், கண் அங்கே இருக்காது. திண்ணையில் கூட இருக்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வாரிவிட்டு, புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பார்கள். அதே அம்மாவிடம் வாழ்க்கை எப்படி என்று கேட்டால், "என்னத்த வாழ்க்கை" என்பார். ஏணியில் 3 கூடச் சொல்ல மாட்டார். டவுன்காரன் அண்ணன் சொல்கிற சந்தோஷம் அவருக்குத் தினமும் இருக்கிறது. வாத்தியார் சொல்கிறது இல்லவே இல்லை.

டவுன்காரன்:
பாத்தீங்களா, காசே இல்லாமலும் சந்தோஷம் வருது!

முக்கூடல் பொண்ணு:
இதுக்குத்தான் சொல்லவே யோசித்தேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, இடுப்பு வலித்தாலும் ஆயிரம் முடியணும். "இதுங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு" என்று பீடிக்கடையில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன், அதுவும் கூலி கூட்டிக் கேட்ட அன்றைக்கு. அப்புறம், வாத்தியார் சார், கூலி ஏறினால் அந்தத் திண்ணைக் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைக்கிறீங்களா?

பாளை வாத்தியார்:
ஏம்மா கலையப் போகுது? மத்தியானம் நாலு மணிக்கே தட்டை ஓரம் வைத்துவிட்டுப் பேசுவாங்க.