‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ டிரம்ஸ்: பத்துப் பாட்டும் தனித்தனியா பதிஞ்சதா?

ரீல்மணி:
கறுப்புத்தட்டு நேத்து எழுதினதைப் படிச்சு எரிச்சல்தான் வந்தது. இங்கிலாந்து ராக் குழு ஜாய் டிவிஷனோட முதல் ஆல்பமான ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ல “பத்துப் பாட்டுக்கும் கிக், ஸ்னேர், ஹை-ஹாட்னு ஒவ்வொண்ணா தனியா வாசிச்சுத்தான் பதிஞ்சாங்க, முழு கிட்டை யாரும் வாசிக்கவே இல்ல”ன்னு அடிச்சு விட்டிருக்கார். (கிக்னா காலால அடிக்கற பெரிய டிரம், ஸ்னேர்னா அடியில கம்பி கட்டின டிரம், ஹை-ஹாட்னா ஜோடி சிம்பல், எல்லாம் சேர்ந்தது கிட்.) டிரம்மர் ஸ்டீபன் மாரிஸ் வாயாலயே சொன்ன விஷயம் இது: சிங்கிளா, அதாவது தனிப்பாட்டுத் தட்டா, வரலாம்னு தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டுக்குத் தோணின பாட்டுகளுக்குத்தான் அந்த வேலை. எல்லாத்துக்கும் இல்ல.

கணக்கும் இடிக்குது. 1979 ஏப்ரல், ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ, கையில இருந்தது ஒரு மாசம்கூட இல்ல. கிக், ஸ்னேர், ஹை-ஹாட், டாம் (கம்பி இல்லாத டிரம்)னு பாட்டுக்கு நாலு சுத்துன்னா பத்துப் பாட்டுக்கு 40 முழு டேக். அதுக்கு மேல லிஃப்ட் சத்தம், பாட்டில் உடையற சத்தம், ‘இன்சைட்’ பாட்டுக்கு பாடகர் இயன் கர்டிஸ் குரலை டெலிபோன் லைன் வழியா எடுத்தது எல்லாம் இருக்கு. நேரம் எங்க இருந்து வந்தது?

கறுப்புத்தட்டு:
ரீல்மணி சார், இந்த ஆல்பத்துல இருந்து ஒரு சிங்கிள்கூட வரல. அவங்க சிங்கிள் ‘டிரான்ஸ்மிஷன்’ தனியா பதிஞ்சு தனியா வந்தது. வராத சிங்கிளை வெச்சு வாதம் பண்றீங்க. ‘ஷி’ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ கேளுங்க. ஸ்னேர் மேல டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா திருப்பி ஒலிக்கறது) விழுது, அந்த டிலேக்குள்ள ஹை-ஹாட் துளிகூட இல்ல. ஸ்னேர் மைக்ல ஹை-ஹாட் சத்தம் ஒழுகியிருந்தா அதுவும் சேர்ந்து திரும்பி வந்திருக்கும். வரல. தனித்தனியா வாசிச்சதுதான். பத்துப் பாட்டும்.

ரீல்மணி:
ஒரு பாட்டைக் காட்டிட்டுப் பத்துன்னு முடிக்கிறீங்க! சிங்கிள் வெளிவந்ததான்னு நான் கேக்கவே இல்ல, ஹானெட் மனசுல எது சிங்கிளா இருந்ததுன்னுதான் சொன்னேன். ‘ஷி’ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ அந்த வகைதான், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ‘இன்டர்ஸோன்’ கேட்டீங்களா? 1978லயே ஒரு தடவை பதிஞ்ச பழைய பாட்டு, வேகமா அடிச்சு நொறுக்கற பங்க் வாசிப்பு. அதை உருப்படி உருப்படியா பிரிச்சு வாசிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். முதல்ல பேஸ் கிடாரும் கிடாரும் வழிகாட்டி டிராக்கா ஓடணும். டிரம்மர் ஹெட்ஃபோன்ல அதைக் கேட்டுக்கிட்டு காலால கிக் மட்டும் அடிப்பார். கை சும்மா இருந்தா தாளம் தள்ளாடும், அதனால மடியில தலையணையோ ஃபெல்ட்டோ வெச்சுத் தட்டணும், அந்தச் சத்தம் கிக் மைக்ல ஏறக் கூடாது. டேப்பை மறுபடி ஆரம்பத்துக்கு ஓட்டி ஸ்னேர், அப்புறம் ஹை-ஹாட், கடைசியா டாம். ஒவ்வொண்ணும் தனி டிராக். கிக்குக்கும் ஹை-ஹாட்டுக்கும் நடுவுல 20 மில்லிசெகண்டுக்கு மேல விலகினா ஒரு அடி ரெண்டா கேக்கும். நிதானமான பாட்டுல சமாளிக்கலாம். ‘இன்டர்ஸோன்’ வேகத்துல, நடுவுல உருட்டல் வேற வந்தா, ஸ்னேர்ல இருந்து டாமுக்குத் தாவற வாசிப்பை எந்த இடத்துல வெட்டுவீங்க?

கறுப்புத்தட்டு:
பாடம் நடத்தினதுக்கு நன்றி. நீங்க விவரிச்ச அதே கஷ்டத்தைத்தான் மாரிஸ் பட்டார். அதனாலதான் அந்த ஆல்பம் மெஷின் மாதிரி இருக்கு. கிக் அடிச்சா பக்கத்துல இருக்கற ஸ்னேர் கம்பி தானா அதிரும், எந்த அறையிலயும் அதைத் தவிர்க்க முடியாது. ‘டிஸ்ஆர்டர்’ ஆரம்பத்துல, பேஸ் வர்றதுக்கு முன்னாடி, டிரம்ஸ் மட்டும் ஓடுதே, அங்க அந்த அதிர்வு இருக்கா? இல்ல. தனித்தனி.

ரீல்மணி:
நாய்ஸ் கேட்னு ஒரு கருவி இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போனா அதை மூடிடும். திரெஷோல்டை (அந்த அளவை) ஸ்னேர் அடிக்கு மட்டும் திறக்கற மாதிரி வெச்சு, ரிலீஸை (மூடற நேரத்தை) 80, 100 மில்லிசெகண்டுல நிறுத்தினா கம்பி அதிர்வு காணாமப் போயிடும். தனி டேக் எடுத்தாத்தான் போகும்னு இல்ல. கேட் மாட்டினா எது போகாதுன்னா, ஸ்னேர் அடிக்கற அதே கணத்துல விழற ஹை-ஹாட். அதைத் தேடுங்க. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற கனத்த சத்தத்தை வெட்டிட்டு, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா மோனோவாக்கி, ஹெட்ஃபோன்ல கேளுங்க. 2007 ரீமாஸ்டரை (ஒலியைப் புதுசா மெருகேத்தின பதிப்பை) வெச்சுக் கேக்காதீங்க. அதுல உச்ச ஒலியை அமுக்கற லிமிட்டர் மெல்லிய சத்தத்தை மேல தூக்கிடும், எது ஒழுகல், எது அறை எதிரொலின்னு பிரிக்கவே முடியாது.

கறுப்புத்தட்டு:
வந்துட்டார்யா ரீமாஸ்டர் சண்டைக்கு. போன வருஷம் அந்த இழையில பதில் சொல்ல முடியாம நழுவினவர் நீங்க. நான் கேக்கறது ஃபேக்டரி கம்பெனி போட்ட பழைய அச்சு, ஃபேக்ட் 10ங்கற எண் உள்ளது.

ரீல்மணி:
நழுவல. உங்க கடைசிக் கேள்விக்குப் பதில் தேவைப்படல. இப்பவும் சொல்றேன், பத்துப் பாட்டும் இல்ல.

நாலுகம்பி:
ரெண்டு பேரும் டிரம்ஸையே கட்டிக்கிட்டு அழறீங்க. அந்த ஆல்பத்தைத் தாங்கறது பீட்டர் ஹுக் வாசிச்ச பேஸ் கிடார். பெர்னார்ட் சம்னர் கிடார் சத்தத்துல தன் வாசிப்பு தனக்கே கேக்கலன்னு மேல் ஸ்வரக் கம்பிகள்ல, பேஸோட கழுத்துல உயர்ந்த ஸ்வரம் வர்ற இடத்துல வாசிக்க ஆரம்பிச்சவர் ஹுக். மெலடி பேஸுக்குப் போனதே அதனாலதான். ஹானெட் கிடாரைப் பின்னாடி தள்ளினதால அந்த இடம் இன்னும் திறந்துச்சு. சம்னரும் ஹுக்கும் அந்த மிக்ஸே (ஒலிக்கலவையே) பிடிக்கலன்னு வெளிப்படையா சொன்னவங்க. மேடையில இருந்த முரட்டுத்தனம் தட்டுல இல்லைங்கறது அவங்க குறை, நியாயமான குறை. 2007 பதிப்போட ரெண்டாவது சிடியில 1979 ஜூலை 13 மான்செஸ்டர் கச்சேரி இருக்கு, கேளுங்க, வேற இசைக்குழு மாதிரி இருக்கும்.

ரீல்மணி:
நாலுகம்பி, குறைன்னு சொன்னதை ஒத்துக்க மாட்டேன். அந்தக் கச்சேரி மாதிரியே தட்டு வந்திருந்தா 1979ல வந்த நூறு பங்க் ஆல்பத்துல இதுவும் ஒண்ணு, அவ்ளோதான். ஹானெட் செஞ்சது அறையைக் கட்டினது. பர்ன்லியில தயாரான ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே, மார்ஷல் டைம் மாடுலேட்டர், டேப் எக்கோன்னு எதிரொலிக் கருவிகள் எல்லாத்தையும் சேர்த்து, ஒவ்வொரு அடிக்கும் அளந்த இடைவெளி கொடுத்தார். காய்ஞ்ச ஸ்னேர் பக்கத்துல, அதோட நிழல் தூரத்துல. டிலேக்குப் போற சிக்னல் சுத்தமா இருந்தாத்தான் அது நடக்கும். அதனாலதான் பிரிச்சார். தேவைப்பட்ட பாட்டுல மட்டும் பிரிச்சார்.

கறுப்புத்தட்டு:
சுத்தமான சிக்னல் வேணும்னு நீங்களே சொல்லிட்டீங்க. டிலே பத்துப் பாட்டுலயும் இருக்கு. அப்ப பத்துப் பாட்டுலயும் பிரிச்சார். முடிஞ்சது.

ரீல்மணி:
முடியல. ‘நியூ டான் ஃபேட்ஸ்’ கடைசி ஒண்ணரை நிமிஷம் கேளுங்க. சிம்பல் வழிஞ்சுக்கிட்டே இருக்கு, அதுக்கு நடுவுல டாம். அந்தப் பெருக்கு தனியா வாசிச்சு ஒட்டினதுல வராது. ஒரு மனுஷன், ஒரு கிட், ஒரே மூச்சு.

கறுப்புத்தட்டு:
“ஒரே மூச்சு” எல்லாம் ஆதாரம் இல்ல சார். மாரிஸ் அவ்வளவு துல்லியமான டிரம்மர், அவருக்கு முடியும். உங்களுக்கு முடியாதுன்னா அது வேற விஷயம்.

வெள்ளையுறை:
அட்டையைப் பத்தி யாரும் பேசலையே. அதை வடிவமைச்ச பீட்டர் சேவில் வெளிய கறுப்புன்னு முடிவு பண்ணினது குழு கேட்டதுக்கு நேர் எதிர். அவங்க வெளிய வெள்ளை, உள்ள கறுப்பு கேட்டாங்க. 2019ல 40ஆவது ஆண்டுக்கு வெள்ளை உறையும் சிவப்புத் தட்டுமா வந்ததுதான் சரியான வடிவம்.

ரீல்மணி:
சரியான வடிவமா? அட்டையில இருக்கற அலைக்கோட்டுப் படத்தோட மூலம் வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு, அது வெறும் வரைபடம். சேவில் தலைகீழா மாத்தினப்பதான் அது வானமாச்சு. சி.பி. 1919ங்கற பல்சரோட (துடிச்சுத் துடிச்சு ரேடியோ அலை அனுப்பற நட்சத்திரத்தோட) 80 துடிப்பை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கினது. 1.337 செகண்டுக்கு ஒரு தடவை இருட்டுல இருந்து வர்ற சிக்னலை வெள்ளை அட்டையில போட்டா என்ன மிஞ்சும்?

வெள்ளையுறை:
இசைக்குழு கேட்டதை மதிக்கறதுதான் மரியாதை. அவங்க ஆல்பம் அது.

நாலுகம்பி:
அதே மரியாதையை மிக்ஸுக்கும் கொடுங்கய்யா! அதுவும் அவங்க ஆல்பம்தான்.

ரீல்மணி:
அட்டைக்கு வேற இழை தொடங்குங்க, அங்க வந்து பேசறேன். கறுப்புத்தட்டு, ‘இன்டர்ஸோன்’ பத்தி நான் கேட்டு இன்னும் பதில் வரல. ஸ்னேர்ல இருந்து டாமுக்குப் போற உருட்டலை எங்க வெட்டினாங்க?

கறுப்புத்தட்டு:
வெட்டவே வேண்டாம். டாம் தனி டேக். பத்துப் பாட்டுக்கும்.